ஏழாம் அறை கேட்ட ஒரு நிமிடம்

ஜூன் மாதத்தில் வெத்ரெனி துறைமுகத்தில் சூரியன் மறைவதே இல்லை. காலை ஏழு மணிக்கு பிளத்தோன் வெரிகின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்றாவது துறைமேடைக்கு நடந்து வந்தபோது வெயில் கண்ணைக் கூசவைத்தது. பேய்க் கதைக்குக் கொஞ்சமும் உதவாத வெளிச்சம்தான். ஆனால் கடலுக்கு அடியில் போகிறவனுக்கு மேலே வெயில் அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன?

மேடையோரம் நின்ற நீர்மூழ்கிக்குக் கடற்படை ஓர் எண் கொடுத்திருந்தது. அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. எந்நேரமும் முனகிக்கொண்டு, எங்கேயாவது ஒழுகவிட்டு, கூட இருக்கிறவன் பிராணனை வாங்குவதால் ஆட்கள் அதை ‘மாமியார்’ என்றே கூப்பிட்டார்கள். நான்கு வருஷம் பழுதுபார்க்கும் பட்டறையில் கிடந்துவிட்டு, உள்ளும் புறமும் புதுச் சாயம் பூசிக்கொண்டு மாமியார் திரும்பி வந்திருந்தாள்.

பிளத்தோன் மேல்மூடி வழியாக ஏணியில் இறங்கினான். சாயம், எண்ணெய், முட்டைக்கோஸ் சூப் மூன்றும் கலந்த வாசனை. நடு அறையில் தன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காக எரியவைத்துப் பார்த்தான். படகு மூழ்குவதும் எழுவதும் காற்று விடுவதும், தீப்பிடித்தால் வாயு திறப்பதும் அந்தப் பலகையிலிருந்துதான். பிறகு முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு சுற்று நடந்தான். ஆறு அறைகளைப் பார்த்துவிட்டு ஏழாவதின் வட்டக் கதவுக்கு முன்னால் வந்ததும், ஏதோ மறந்தவன் மாதிரி திரும்பிவிட்டான்.

ஏழாம் அறைக்குப் பொறுப்பான மிச்மன், அதாவது இளநிலை அதிகாரி, ஸாவா அதைக் கவனித்துவிட்டார். ஐம்பது வயது, தொப்பை, எதற்கும் ஒரு நக்கல்.

“என்ன பிளத்தோன் நிகிதிச், எங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போறீங்க?”

அப்புறம் வருகிறேன் என்று பிளத்தோன் சொன்னான். அந்த அப்புறம் எந்நாளும் வரப்போவதில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே படகில், பனிக்கட்டிக்கு அடியில், அந்த ஏழாம் அறையில் மின்பெட்டி தீப்பிடித்தது. உள்ளே மூன்று பேர். இரண்டு மாலுமிகள், அவர்களுக்கு மேலே கிளிம் ஒர்லெனேவ். கிளிம் பிளத்தோனின் மகளுக்கு ஞானத் தகப்பன். குழந்தையைக் கையில் ஏந்திக் கோயிலில் நின்றவன்.

தீ என்றால் நீர்மூழ்கிக்காரர்களுக்கு ஒரே சட்டம். தீப்பிடித்த அறையிலிருந்து யாரும் வெளியே ஓடக் கூடாது. வெளியே இருப்பவன் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் தோளில் தொங்கும் மூச்சுப் பையை முகத்தில் மாட்டிக்கொள்வார்கள். அறையில் எத்தனை பேர் என்று இன்டர்காமில் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் நடு அறையிலிருந்து தீயணைக்கும் வாயுவைத் திறக்கலாம். அந்த வாயு தீயைக் கொல்லும். பை இல்லாத மனிதனையும் கொல்லும்.

அன்றைக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவன் பிளத்தோன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்றவர் தலைமை இயந்திர அதிகாரி ரோதியோன் சவெலிச் தெகுச்செவ். கேப்டன் முன்னறையில் இருந்தார்; மற்றவர்கள் தீக்குழாயோடு பின்பக்கம் ஓடியிருந்தார்கள்.

இன்டர்காமில் கிளிமின் குரல் வந்தது. கத்தவில்லை. சூப் இன்னும் இருக்கா பிளத்தோஷா என்று கேட்கிற அதே குரல்.

“ஏழாம் அறை. மூணு பேர். ஒருத்தன் பையிலயும் காத்து வரல. ஒரு நிமிஷம் குடு பிளத்தோஷா, கதவுக்கு வந்துடறோம்.”

பைகளில் காற்று எப்படி வரும்? காற்றை உண்டாக்கும் மருந்துக் குப்பிகள் காலாவதியாகி எட்டு மாதம். புதியவை வந்து சேரவில்லை. படகோ பார்வையிடும் நாளுக்குள் கடலுக்குப் போயாக வேண்டும். முதலில் கையெழுத்து, வேலை பிறகு என்பது அந்தத் துறைமுகத்தில் ஊறிப்போன பழக்கம். ரோதியோன் சவெலிச் பதிவேட்டில் ‘எல்லாப் பைகளிலும் புதுக் குப்பி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தால் முதலில் காட்டப்போவது அந்தப் பைகளைத்தான்.

“குரல் எதுவும் வரல,” என்றார் ரோதியோன் சவெலிச், பிளத்தோனின் காதருகே. “வாயுவைத் திற.”

பிளத்தோன் திறந்தான். அவன் வலது கை அது. வால்வில் கட்டியிருந்த ஈய முத்திரை அறுந்த சத்தம் இன்றும் அவன் விரலில் இருக்கிறது.

விசாரணையில் குரல் வரவில்லை என்றே அவனும் சொன்னான். கிளிம் மின்பெட்டிக்கு மேலே டீ போட்டான், அதனால்தான் தீ என்று ரோதியோன் சவெலிச் எழுதிக்கொடுத்தார். செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்? கிளிமின் மனைவி அக்லயாவுக்கு ஓய்வூதியம் இல்லை. அதிகாரிகள் குடியிருப்பிலிருந்து கிளப்பி, பாசறைக்குப் பின்னால் ஒற்றை அறைக்கு அனுப்பினார்கள். படைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு பிழிகிறாள். பள்ளிக்கூடத்தில் அவள் மகனுக்குப் பெயர் ‘படகை எரிச்சவன் புள்ள’. அவள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. நான்கு வருஷமாக மனு மேல் மனு போட்டு, விசாரணையை மறுபடி திறக்கவைத்துவிட்டாள்.

அதனால்தான் இந்தப் பயணத்துக்கு ரோதியோன் சவெலிச்சும் வந்தார். இப்போது அவர் தலைமையகத்தில் பெரிய ஆள். சின்னப் பெட்டியும் சவரம் செய்த கன்னமுமாக ஏணியில் இறங்கி, பிளத்தோன் தோளைத் தட்டி, மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். பெட்டியில் ஒரு தாள் இருப்பதாகவும், கரை திரும்புவதற்குள் அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். சம்பவத்தன்று ஏழாம் அறையிலிருந்து எந்தக் குரலும் வரவில்லை என்று மறுபடி உறுதிசெய்கிற தாள். கையெழுத்து விழுந்தால் இலையுதிர்காலத்துக்குள் பிளத்தோனுக்குத் தெற்கே பயிற்சிப் பள்ளியில் வேலை. சூரியன் ஒழுங்காக உதித்து ஒழுங்காக மறைகிற ஊர்.

மாமியார் விரிகுடாவை விட்டு வெளியேறி பாரென்ட்ஸ் கடலில் மூழ்கினாள். கேப்டன் அகீம் தராசிச் சுருக்கமாகப் பேசுகிறவர், எதையும் இரண்டு தடவை சொல்லமாட்டார். மூழ்கியதும் அறை வாரியாக ஆள் எண்ணிக்கை கேட்டார். ஒவ்வோர் அறையும் வரிசையாகச் சொன்னது. ஏழாம் அறையில் இருந்தவர்கள் ஸாவாவும் ஒரு மாலுமியும் மட்டும்.

“ஏழாம் அறை. அஞ்சு பேர்.”

கேப்டன் தலை தூக்கினார். மறுபடி சொல்லச் சொன்னார். இந்தத் தடவை ஸாவாவின் குரல், இரண்டு பேர் என்றது. குடித்திருக்கிறாயா என்று கேப்டன் கேட்டதற்கு, முதல் தடவை தான் வாயே திறக்கவில்லை என்றார் ஸாவா. நடு அறையில் யாரோ சிரித்தார்கள்.

பிளத்தோன் சிரிக்கவில்லை. ஐந்து என்று சொன்ன குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். ரோதியோன் சவெலிச்சும் சிரிக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே முழுதாகச் சாவி கொடுத்த கடிகாரத்துக்கு.

நான்காம் நாள் பனிக்கட்டிக்கு அடியில் நுழைந்தார்கள். தலைக்கு மேலே மூன்று ஆள் உயரப் பனி; வேண்டும்போது எழுந்து மூச்சு வாங்க வழி கிடையாது. அந்நிய நீர்மூழ்கி ஒன்று இந்தப் பக்கம் உலாவுவதாகச் செய்தி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, அது அறியாமல் பின்னாலேயே போவதுதான் வேலை. ஆகவே மௌன ஒழுங்கு. குழாய்க்குத் துணி சுற்றினார்கள். செருப்பு மாற்றினார்கள். சமையல்காரன்கூட மரக் கரண்டிதான் எடுத்தான்.

அந்த மௌனத்தில்தான் தட்டும் சத்தம் ஆரம்பித்தது.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

ஒலி கேட்கும் மாலுமி காதுக்குழாயைக் கழற்றிவிட்டு, அது வெளியிலிருந்து வரவில்லை, நம் படகின் பின்பக்கத்திலிருந்துதான் வருகிறது என்றான். கேப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. எதிரி காதில் விழுந்தால் துரத்துகிறவன் துரத்தப்படுகிறவனாகிவிடுவான். அறை அறையாக ஆள் அனுப்பித் தேடினார்கள். தளர்ந்த குழாய் இல்லை, ஆடும் வால்வு இல்லை. ஏழாம் அறைக்குள் போனால் சத்தம் ஆறாவதில் கேட்டது. ஆறாவதுக்கு வந்தால் ஏழாவதில் கேட்டது.

அடுத்த நாள் வாசனையும் வந்தது. கருகிய ரப்பர், அதோடு தித்திப்பான ஒரு நெடி. வாயுவின் நெடி. புதுச் சாயத்தின் வாசனை என்று மருத்துவர் சொன்னார். அவர் சொன்னதை அவரே நம்பினாரோ என்னவோ.

ஸாவாவின் நக்கல் போயே போய்விட்டது. பிளத்தோனைத் தனியாகக் கூப்பிட்டு, ஏழாம் அறையின் கொக்கிகளில் இரண்டு மூச்சுப் பைதான் மாட்டியதாகவும், இப்போது ஐந்து தொங்குவதாகவும் சொன்னார். முகத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தால் இரண்டுதான் இருக்கிறதாம். திரும்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் ஐந்தும் இருக்கிறதாம்.

“அதுல ஒண்ணு மூச்சு விடுது, பிளத்தோன் நிகிதிச்,” என்று ஸாவா கிசுகிசுத்தார். “பை உப்புது, சுருங்குது.”

அன்று சாப்பாடு முடிந்ததும் ரோதியோன் சவெலிச் பிளத்தோனைத் தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் தாள், பக்கத்தில் பேனா. உட்காரச் சொன்னார். பிளத்தோன் நின்றான். ஐந்து பேர் என்ற அந்தக் குரலை நீங்கள் அடையாளம் கண்டீர்களா என்று கேட்டான். மாலுமிகளின் பிதற்றலைப் பெரிய மனிதர்கள் காதில் வாங்கக் கூடாது என்றார் அவர்.

“நாலு வருஷத்துக்கு முன்னாடி கேட்ட குரலு, ரோதியோன் சவெலிச்.”

“நாலு வருஷத்துக்கு முன்னாடி எந்தக் குரலும் கேக்கல,” என்றார் அவர், மிக மெதுவாக. “கேட்டுச்சுன்னா, கேட்டும் வாயுவைத் திறந்தவன் யாரு? நான் வாயாலதான் சொன்னேன் தம்பி. கையி உன்னோடது.”

அது உண்மைதானே? நான்கு வருஷமாக அவன் வாயைக் கட்டிப்போட்டது அந்த ஒரு வார்த்தைதான். கையெழுத்தை நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மதியம் ஸாவாவும் மாலுமியும் ஏழாம் அறையை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டார்கள். உள்ளே போகமாட்டோம், சுடுவதானால் சுடுங்கள் என்றார்கள். கேப்டன் அவர்களைக் கவனிக்க எழுந்தபோது ரோதியோன் சவெலிச் தடுத்தார். பொட்டைத்தனமாக இருக்கிறது, நானே போய் உள்ளே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், அப்புறம் இவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் பார்க்கலாம் என்றார். தோளில் தன் மூச்சுப் பையை மாட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். பயம் இருந்ததோ இல்லையோ, நடையில் காட்டவில்லை. அதை மட்டும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏழாம் அறைக் கதவு மூடுகிற விளக்கு பிளத்தோனின் பலகையில் எரிந்தபோது கடற்படைக் கணக்கில் மணி பதினான்கு பதினேழு.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வாயு திறந்த நேரமும் அதுதான்.

ஏழாம் அறையின் வெப்பமுள் நகர ஆரம்பித்தது. இருபத்திரண்டு. முப்பது. நாற்பத்தைந்து.

பிளத்தோன் சத்தமாக அறிவித்தான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. ஆறாம் அறையிலிருந்து ஸாவா கதவின் இடுக்கில் புகை வருவதாகச் சொன்னார். கதவுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு; ஒரு பக்கம் பிடித்துத் தொங்கினால் மறுபக்கம் திறக்காது. சட்டத்தை மறந்து மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் பிடி அசையவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்திருக்கிறார்கள் என்றார் ஸாவா. ஒருத்தர் இல்லை, பல பேர்.

கேப்டன் இன்டர்காமை எடுத்தார். “ஏழாம் அறை. எத்தனை பேர்?”

வெறும் இரைச்சல். மறுபடி இரைச்சல்.

“ஏழாம் அறை,” என்றது கிளிமின் குரல், நிதானமாக. “நாலு பேர்.”

நடு அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேருக்கும் கேட்டது. கேப்டன் கிளிமோடு ஆறு வருஷம் கடலில் இருந்தவர். அவர் கை இன்டர்காமை விட்டு நழுவியது.

அடுத்து வந்தது ரோதியோன் சவெலிச்சின் குரல்.

“பிளத்தோன், வாயுவைத் திறக்காத. இங்க தீயே இல்ல. ஒரே இருட்டு. என்னைப் பிடிச்சிருக்காங்க. பையில காத்து வரல. ஒரு நிமிஷம்... ஒரு நிமிஷம் குடு.”

முள் எண்பதைத் தாண்டியது. கேப்டனுக்குக் குரல் திரும்பி வந்தது. மேலே பனி, படகில் நூறு உயிர், ஏழாம் அறைக்குப் பின்னால் எண்ணெய்க் கலம். சட்டம் என்ன சொல்கிறதோ அதைத்தான் அவரும் சொன்னார். முள் நூறைத் தொட்டால் திற.

பிளத்தோனின் வலது கை வால்வின் மேல் இருந்தது. எப்போது போய் அமர்ந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஈய முத்திரை விரலில் குளிர்ந்தது. இழுத்தால் அறுந்துவிடும். அவனுக்கு ஆசை வந்தது. அதை மறைத்து என்ன பயன்? சாகட்டும், அப்படியே சாகட்டும், கிளிம் செத்த மாதிரியே சாகட்டும் என்று நெஞ்சு கொதித்தது. அக்லயாவின் வெடித்த கைகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. இந்த முறை சட்டமே அவன் பக்கம் இருந்தது. கேப்டனே உத்தரவு கொடுத்துவிட்டார். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

தொண்ணூற்றொன்று.

அவன் கைக்கு ஒரு சாண் தள்ளி, குழாயின் உள்ளேயிருந்து, யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு.

பிளத்தோன் கையை எடுத்தான். இன்டர்காம் பொத்தானை அழுத்தினான்.

“ஒரு நிமிஷம் குடுக்கறேன், ரோதியோன் சவெலிச். அன்னைக்கு கிளிம் பேசினானா இல்லையா? உங்க வாயால சொல்லுங்க.”

கேப்டன் அவன் தோளைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார். பதிவேடு எழுதுகிற மாலுமியைப் பார்த்து, ஒரு வார்த்தை விடாமல் எழுது என்றார்.

இன்டர்காமில் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும். முள் தொண்ணூற்றாறில் நின்று நடுங்கியது.

“பேசினான்,” என்றது ரோதியோன் சவெலிச்சின் குரல். “மூணு பேருன்னான். நிமிஷம் கேட்டான். குப்பியெல்லாம் செத்துப்போனதுன்னு எனக்குத் தெரியும், கையெழுத்து நான் போட்டது. டீ கதையும் நான் கட்டினது. போதுமா? சொல்லிட்டேனே, கிளிம், சொல்லிட்டேனே, கையை எடு...”

பிறகு எதுவும் இல்லை. நொடிமுள் சுற்றி வந்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. அறுபதாவது நொடியில் வெப்பமுள் ஒரே தாவலில் இருபத்திரண்டுக்கு இறங்கியது. கதவு தானாகத் திறந்துகொண்டதாக ஸாவா சொன்னார்.

உள்ளே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. கருகல் இல்லை, புகை இல்லை, புதுச் சாயத்தில் ஒரு கீறல் இல்லை. கதவோரம் ரோதியோன் சவெலிச் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார், முகத்தில் மூச்சுப் பையின் முகமூடியோடு. முகம் நீலம் பாரித்திருந்தது. நல்ல காற்று நிறைந்த அறையில் மூச்சு முட்டிச் செத்திருக்கிறார் என்று மருத்துவர் சொன்னார். அதற்குமேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வாயுக் கலம் நிறைந்தே இருந்தது. பிளத்தோன் பலகையில் ஈய முத்திரை அறுபடாமல் அப்படியே இருந்தது.

முகமூடியைக் கழற்றும்போதுதான் பார்த்தார்கள். பையின் குப்பி பழையது, அந்தக் காலாவதியான தொகுதி. அவற்றையெல்லாம் விசாரணை முடிந்ததும் அழித்துவிட்டார்கள். பையின் மேல் பென்சிலில் எழுதியிருந்த பெயர் ‘ஒர்லெனேவ்’.

நிமிஷம் கொடுத்தாயிற்று, உண்மையும் சொல்லியாயிற்று. ஆனாலும் அவர்கள் விடவில்லை. சொன்னால் விட்டுவிடுகிறோம் என்று அவர்கள் எப்போது சொன்னார்கள்?

பிளத்தோன் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தில் எழுதினான். குரல் வந்தது, நான் கேட்டேன், கேட்டும் என் வலது கையால் திறந்தேன். கேப்டன் படித்துவிட்டு, இதில் உன் தலையும் உருளும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றான். இந்தப் பயணத்தில் முதல் முறையாக அவனுக்குப் பசித்தது.

கரைக்கு வந்ததும் வழக்கப்படி துறைமேடையில் முழுப் பன்றிக்குட்டியை வறுத்துத் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடலிலிருந்து திரும்பும் ஒவ்வொரு படகுக்கும் கிடைக்கிற மரியாதை. யாரும் தொடவில்லை. ஸாவா மட்டும் மூன்று துண்டு வெட்டி, ஏழாம் அறைக் கதவோரத்தில் வைத்துவிட்டு வந்தார்.

புது விசாரணையில் கிளிமின் பெயர் துலங்கியது. அக்லயாவுக்கு ஓய்வூதியமும் பழைய வீடும் திரும்பின. பிளத்தோன் சலவைக்கூடத்துக்குப் போனான். ஆவிக்கு நடுவே அவள் ஒரு விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை பிழிவதை நிறுத்தவில்லை. பிறகு கேட்டாள்:

“எந்தக் கையி?”

அவன் வலது கையைக் காட்டினான். அவள் நெடுநேரம் அந்தக் கையையே பார்த்தாள்.

“உன் பொண்ண அவன் இப்படித்தான் ஏந்திட்டு நின்னான்,” என்று ஈர விரிப்பைக் கையில் தாங்கிக் காட்டினாள். “ஒரு நிமிஷம் கேட்டானே, குடுக்க உனக்கு நாலு வருஷம் ஆச்சு. போயிடு.”

அவன் போனான். மன்னிப்பு கேட்கலாம் என்றுதான் வந்திருந்தான்.

பிளத்தோனைப் பதவியிறக்கி, கடலுக்கு அனுப்பாமல், மூன்றாவது துறைமேடையின் காவல் கூண்டில் போட்டார்கள். மாமியாரில் இனி ஏறமாட்டோம் என்று ஆட்கள் சொன்னதால் அவளை அங்கேயே கட்டிப்போட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, மேல்மூடிக்கு ஈய முத்திரை வைத்துவிட்டார்கள். படகுக்கும் கூண்டுக்கும் இடையே இருந்த தொலைபேசிக் கம்பியை அறுத்துச் சுருட்டிக் கொக்கியில் மாட்டியவன் பிளத்தோன்தான்.

தினமும் பதினான்கு பதினேழுக்கு அந்தத் தொலைபேசி அடிக்கிறது.

முதல் நாள் அவன் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் எடுத்தான். “ஏழாம் அறை. நாலு பேர்,” என்றான் கிளிம். அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், ரோதியோன் சவெலிச் ஒரு நிமிஷம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அறுபதாவது நொடியில் தொடர்பு அறுந்தது. பிளத்தோன் காவல் பதிவேட்டில் நேரத்தைக் குறித்தான். இப்போதெல்லாம் எண்ணிக்கை சொல்லும் வரை காத்திருந்து, நன்றி என்றுகூடச் சொல்கிறான். வேறு என்ன செய்வது? கொடுக்க மறுத்த நிமிஷத்தை நாளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் தீர்ந்துவிடும் என்று அவனுக்கு ஒரு கணக்கு.

மறுவருஷம் ஜூலை கடைசி. வெயில் ஜன்னல் வழியாக மேசையில் விழுந்துகொண்டிருந்தது. கொக்கியில் அவன் தொப்பி. தொப்பிக்குப் பக்கத்தில், காலையில் அங்கே இல்லாத ஒரு மூச்சுப் பை. அதன்மேல் பென்சிலில் ‘வெரிகின்’.

தொலைபேசி அடித்தது. பிளத்தோன் எடுத்தான்.

“ஏழாம் அறை,” என்றான் கிளிம். “அஞ்சு பேர்.”

பிளத்தோன் கதவைப் பார்த்தான்.

கதவின் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கி, யாரோ பிடித்துத் தொங்குவது மாதிரி அங்கேயே நின்றது. கருகிய ரப்பர் வாசனை எழுந்தது.

“கிளிம்,” என்று ஆரம்பித்தான். மீதியைச் சொல்ல மூச்சை இழுத்தான். மூச்சு வரவில்லை. மேசையில் காவல் பதிவேடு திறந்தே கிடந்தது; அன்றைய வரியில் பதினான்கு பதினேழு என்று அவன் கையெழுத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது.